அந்த 40 ஷேர் எங்கயும் போகல, தம்பி

வாசகர் கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு வயசு 26, வேலைக்கு சேந்து மூணு வருஷம் ஆச்சு. தங்கச்சி காலேஜ் ஃபீஸுக்குனு 34,400 சேத்து வெச்சிருந்தேன், கட்டுறதுக்கு இன்னும் 14 மாசம் இருக்கு. பேங்க்ல சும்மா கெடக்குதேனு கூட வேலை பாக்குற ஃப்ரெண்டு பேச்சக் கேட்டு அக்கவுண்ட் ஓபன் பண்ணி ரெண்டு ஷேர் வாங்குனேன். ஒண்ணு 50ல 400 ஷேர், விலை கம்மியா இருக்கு சீக்கிரம் டபுள் ஆகும்னு சொன்னான், இப்ப 31ல நிக்குது. இன்னொண்ணு பெரிய கம்பெனி, 360ல 40 ஷேர், 400 வரைக்கும் போச்சு, போன வாரம் ஒரு நாள் காலைல பாத்தா 200னு காட்டுது, ஆப்ல எல்லாம் செவப்பா இருந்துச்சு, கை நடுங்கி 40ஐயும் வித்துட்டேன். அதுக்கு முன்னாடி போனஸ் 1:1னு ஒரு மெயில் வந்துச்சு, என்னன்னு புரியாம விட்டுட்டேன். இப்ப ஃப்ரெண்டு 31ல இன்னும் 400 வாங்கி ஆவரேஜ் பண்ணுங்கிறான், இல்லன்னா ஆப்ஷன்ஸ்ல போட்டா ஒரே மாசத்துல எடுத்துடலாம்ங்கிறான். எனக்கு அடிப்படையே தெரியல. எந்த ஷேர் வாங்குனா விட்டத புடிக்கலாம்?

பதில்:

தம்பி, மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம், மொதல்ல உங்க அக்கவுண்ட்ட திறந்து அந்தப் பெரிய கம்பெனி பேர்ல ஏதாவது ஷேர் இருக்கானு பாருங்க. நீங்க வித்தது உங்ககிட்ட இருந்த பழைய 40 ஷேர். போனஸா வர வேண்டிய புது 40 ஷேர் இன்னும் உங்களோடதுதான், இந்நேரம் வந்து உக்காந்திருக்கும், இல்ல இன்னும் ஒண்ணு ரெண்டு நாள்ல வரும். உங்க லெட்டர்ல 'போனஸ் 1:1'ங்கிற வரிய படிச்சதும் எனக்கு ஒரு பக்கம் நிம்மதியா இருந்துச்சு, இன்னொரு பக்கம் அன்னைக்கு காலைல நீங்க எப்படி தவிச்சிருப்பீங்கனு நெனச்சு மனசு கஷ்டமாவும் இருந்துச்சு.

போனஸ் 1:1னா உங்க கைல இருக்குற ஒவ்வொரு ஷேருக்கும் இன்னொரு ஷேர் காசு வாங்காம குடுக்குறாங்கனு அர்த்தம். அதனால கம்பெனிக்குள்ள புதுசா பணம் எதுவும் வந்துடல, எதுவும் வெளிய போகவும் இல்ல, அதே கடன், அதே லாபம், அதே ஆளுங்க. 100 துண்டா இருந்த கம்பெனிய 200 துண்டா ஆக்கிட்டாங்க, அதனால ஒரு துண்டோட விலை பாதியாயிடுது, அவ்வளவுதான். 400ல 40 ஷேர்னா 16,000, 200ல 80 ஷேர்னாலும் அதே 16,000. சிக்கல் எங்க வருதுன்னா, விலை குறிப்பிட்ட ஒரு நாள் காலைலயே பாதியாயிடும், ஆனா புது ஷேர் அக்கவுண்ட்டுக்கு வந்து சேர சில நாள் ஆகும், அந்த இடைவெளில ஆப்புக்கு உங்க பழைய 40 ஷேரும் புது விலையும் மட்டும்தான் தெரியும், அது பாட்டுக்கு பாதி நஷ்டம்னு செவப்பா காட்டிடும். புதுசா வர்ற நெறைய பேர் இந்த எடத்துலதான் பயந்து விக்குறாங்க, நீங்க ஒருத்தர் மட்டும் இல்ல.

ஸ்ப்ளிட், அதாவது ஒரு ஷேர பல ஷேரா பிரிக்கிறது, அதுவும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஆப்பிள் கம்பெனி 2020 ஆகஸ்ட்ல ஒரு ஷேர நாலாக்குச்சு, என்விடியா 2024 ஜூன்ல ஒண்ண பத்தாக்குச்சு, அன்னைக்கு விலை நாலுல ஒண்ணு, பத்துல ஒண்ணுனு மாறுச்சே தவிர கையில வெச்சிருந்தவங்களோட மொத்த மதிப்பு அதனால கொறையல. டிவிடெண்ட், அதாவது லாபத்துல ஒரு பகுதிய ஷேர் வெச்சிருக்குறவங்களுக்கு பணமா குடுக்குற கம்பெனிலயும் சின்ன அளவுல இது நடக்கும், டிவிடெண்ட் கழியிற அன்னைக்கு விலை கிட்டத்தட்ட அந்த அளவுக்கு எறங்கித்தான் ஆரம்பிக்கும், ஏன்னா அந்தப் பணம் கம்பெனிய விட்டு உங்க பேங்க்குக்கு கெளம்பிடுச்சு.

இப்ப உங்க கணக்க போடுவோம். 360ல 40 ஷேர் வாங்குனீங்க, 14,400. அது 80 ஷேரானதும் ஒரு ஷேரோட அடக்கம் 180 ஆயிடுது. 200ல 40 வித்தீங்க, 8,000 கைக்கு வந்துச்சு. மிச்சம் 40 இன்னைக்கு 200னு வெச்சா இன்னொரு 8,000. மொத்தம் 16,000. 6,400 போச்சுனு நெனச்சு தூங்காம இருந்திருப்பீங்க, உண்மைல ப்ரோக்கரேஜ் போக 1,600 பக்கத்துல லாபத்துல இருக்கீங்க. வரிக் கணக்குல போனஸ் ஷேரோட அடக்க விலைய எப்படி எடுக்குறாங்கங்கிறது நாட்டுக்கு நாடு மாறும், அத மட்டும் ஒரு ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

சரி, இந்த பயத்துக்கும் 50 விலைல அந்த 400 ஷேர வாங்குனதுக்கும் காரணம் ஒண்ணுதான்னு எனக்குத் தோணுது, அத சொன்னா கோச்சுக்க மாட்டீங்கனு நம்புறேன். ரெண்டு எடத்துலயும் நீங்க பாத்தது ஒரு ஷேரோட விலை, அந்த நம்பர மட்டும். நம்பர் கம்மியா இருந்துச்சு, மலிவுனு வாங்கிட்டீங்க. நம்பர் பாதியாச்சு, நஷ்டம்னு வித்துட்டீங்க. அந்த நம்பருக்குப் பின்னாடி ஒரு கம்பெனி இருக்கு, அத எத்தனை துண்டா வெட்டி வெச்சிருக்காங்கனு தெரியாம ஒரு துண்டோட விலைய மட்டும் வெச்சு மலிவா கெராக்கியானு சொல்லவே முடியாது.

1602ல டச்சு கிழக்கிந்திய கம்பெனி கப்பல் வியாபாரத்துக்கு பொதுமக்கள்கிட்ட மூலதனம் தெரட்டுனப்ப ஆம்ஸ்டர்டாம்ல ஆயிரத்துக்கும் மேல ஆளுங்க பேர் குடுத்தாங்க, பெரிய வியாபாரிங்கள்லேந்து ஒரு வீட்டுல வேலை பாத்த பொண்ணு வரைக்கும், அந்தப் பொண்ணு போட்டது 100 கில்டர், அது அப்போதைய டச்சு காசு. ஆயிரக்கணக்குல போட்டவருக்கும் 100 போட்ட அந்தப் பொண்ணுக்கும் அதே கப்பல்லதான் பங்கு, சரக்கு வந்து லாபம் கெடச்சா போட்ட அளவுக்கு ஏத்த பங்கு, கப்பல் முழுகுனா நஷ்டத்துலயும் பங்கு. இன்னைக்கு ஃபோன்ல பட்டன அமுக்கி வாங்குறோம், ஆனா வாங்குற பொருள் அதேதான், ஒரு தொழில்ல ஒரு பங்கு. வேற எதுவும் இல்ல.

ஒரு கணக்கு சொல்றேன், பொறுமையா பாருங்க. ஒரு கம்பெனி ஷேர் 8, மொத்தம் 100 கோடி ஷேர் இருக்கு, அப்ப முழு கம்பெனியோட விலை 800 கோடி, இதத்தான் மார்க்கெட் கேப்ங்கிறாங்க. வருஷத்துக்கு அதோட லாபம் 10 கோடி. இன்னொரு கம்பெனி ஷேர் 600, ஆனா மொத்தமே 1 கோடி ஷேர்தான், முழு கம்பெனி 600 கோடி, வருஷ லாபம் 40 கோடி. மொதல் கம்பெனில லாபத்த மாதிரி 80 மடங்கு குடுக்குறீங்க, ரெண்டாவதுல 15 மடங்கு. பிஇ ரேஷியோனு எல்லாரும் சொல்றாங்களே அது இந்த 80ம் 15ம்தான். அப்ப 8 போட்டு வாங்குற ஷேர்தான் கெராக்கி. பிஇ கம்மின்னாலே நல்ல ஷேர்னு அடுத்த தப்புக்கும் போயிடாதீங்க, ஸ்டீல் மாதிரி ஏத்த எறக்கமான தொழில்ல லாபம் உச்சத்துல இருக்குறப்ப பிஇ கம்மியா காட்டும், அடுத்த வருஷம் லாபம் கொறைஞ்சதும் அந்தக் கணக்கே மாறிடும். வாரன் பஃபெட்டோட பெர்க்ஷயர் ஹாத்வேல 'ஏ' க்ளாஸ் ஷேர ஸ்ப்ளிட் பண்ணதே இல்ல, அதனால ஒரே ஷேர் பல லட்சம் டாலர்ல நிக்குது, அத வெச்சு அது கெராக்கினு யாரும் முடிவு பண்றதில்ல.

இன்னொரு விஷயம், ரொம்ப பேருக்கு இது தெரியறதில்ல. நீங்க மார்க்கெட்ல ஷேர் வாங்குறப்ப அந்தப் பணம் கம்பெனிக்குப் போகாது. கம்பெனி மொத தடவ பொதுமக்களுக்கு ஷேர் விக்குற ஐபிஓலயோ புதுசா ஷேர் வெளியிடுறப்பயோ மட்டும்தான் கம்பெனிக்குப் போகும், மத்தபடி உங்களுக்கு வித்த இன்னொரு மனுஷனுக்குப் போகுது. அதனால 'சீக்கிரம் டபுள் ஆகும்'னு யாராவது சொன்னா, டபுள் ஆகப்போறத 50க்கு என்கிட்ட யார் விக்குறாங்க, ஏன் விக்குறாங்கனு ஒரு நிமிஷம் யோசிங்க. நேர்மையான காரணமும் இருக்கலாம், அவருக்குப் பணத் தேவை இருக்கலாம், அவர் கணிப்பு வேறயா இருக்கலாம். ஆனா மெசேஜ் குரூப்ல சுத்துற சின்னக் கம்பெனி டிப்ஸ்ல அடிக்கடி நடக்குறது என்னன்னா, 15லயும் 20லயும் அமைதியா வாங்கி வெச்சவங்கதான் 'டார்கெட் 100'னு பரப்புவாங்க, கூட்டம் வாங்க வாங்க விலை ஏறும், அவங்க வித்துட்டு வெளிய போயிடுவாங்க, கடைசியா வந்தவங்க கைல ஷேர் இருக்கும், வாங்க ஆள் இருக்காது. உங்க ஃப்ரெண்டு கெட்டவர்னு நான் சொல்லல, அவரும் யாரோ சொன்னத நம்பி தானும் போட்டிருப்பாரு.

அந்த 400 ஷேர ஆவரேஜ் பண்ணலாமானு கேட்டீங்க. 50லேந்து 31க்கு வந்தது 38 சதவீத எறக்கம், ஆனா 31லேந்து திரும்ப 50க்குப் போக 61 சதவீதம் ஏறணும். எறக்கத்தோட கணக்கு எப்பவுமே இப்படித்தான், பாதியாப் போனத திரும்ப எடுக்க ரெண்டு மடங்கு ஆகணும். 31ல இன்னும் 400 வாங்குனா ஆவரேஜ் 40.50 ஆகும், 31 சதவீதம் ஏறுனா போதும்னு மனசுக்கு ஆறுதலா இருக்கும், உங்க ஃப்ரெண்டு அதத்தான் சொல்றாரு. ஆனா கம்பெனிக்கு உங்க ஆவரேஜ் என்னன்னு தெரியாது. அந்த ஆவரேஜ் உங்க ஆப்ல மட்டும் இருக்குற ஒரு நம்பர். உண்மைல நடந்தது என்னன்னா ஏற்கனவே சந்தேகமா இருக்குற ஒரே எடத்துல இன்னும் 12,400 போட்டுட்டீங்க.

வேலைக்கு வந்த புதுசுல நானும் இதப் பண்ணிருக்கேன். ஒரு கம்பெனி, பேர் வேண்டாம், எறங்க எறங்க நாலு தடவ வாங்குனேன், ஒவ்வொரு தடவையும் ஆவரேஜ் கொறையுதுனு சந்தோஷம், அந்த நாலு தடவைல ஒரு தடவ கூட அவங்க வருஷ அறிக்கைய பிரிச்சுப் பாக்கல. பின்னாடி பாத்தா மூணு வருஷமா லாபம் காட்டுறாங்க, ஆனா வியாபாரத்துலேந்து கைக்கு பணம் வரவே இல்ல, கடன் மட்டும் வருஷா வருஷம் ஏறியிருக்கு. எல்லாமே எழுதித்தான் இருந்துச்சு, யாரும் மறைக்கல, படிக்காதது நான். கடைசில அந்த ஷேர்ல ட்ரேடிங்கையே நிறுத்திட்டாங்க, போட்டதுல ஒரு காசு கூட திரும்பல. அன்னைலேந்து என்கிட்ட வர்றவங்க யாரா இருந்தாலும் நான் கேக்குற மொத கேள்வி, இந்தக் கம்பெனிக்கு வியாபாரத்துலேந்து பணம் உள்ள வருதா, கடன் ஏறுதா எறங்குதா, முதலாளிங்க தங்களோட ஷேர அடமானம் வெச்சிருக்காங்களா, ஆடிட்டர் நடுவுல விலகிப் போனாரா. இந்த நாலுக்கும் பதில் வருஷ அறிக்கைலயும் எக்ஸ்சேஞ்சுக்கு கம்பெனி அனுப்புற அறிவிப்புலயும் கெடைக்கும், ஒரு ராத்திரி உக்காந்தா போதும். பதில் தெரியாத வரைக்கும் ஆவரேஜ் பண்ணாதீங்க.

ஆனா உங்க விஷயத்துல அந்தக் கேள்விக்கே போக வேண்டியதில்ல, ஏன்னா அது தங்கச்சியோட ஃபீஸ்.

எந்த ஷேர் வாங்கலாம்னு கேக்குறவங்ககிட்ட நான் திருப்பிக் கேக்குறது, இந்தப் பணம் உங்களுக்கு எந்த மாசம் வேணும்ங்கிறதுதான். 14 மாசத்துல கட்ட வேண்டிய பணம் ஷேர் மார்க்கெட்டுக்கு வரவே கூடாது, எவ்வளவு நல்ல கம்பெனியா இருந்தாலும் வரக் கூடாது. இது பயமுறுத்தச் சொல்றதில்ல, மார்க்கெட் நடந்துக்குற விதம் அப்படி. அமெரிக்காவோட எஸ் அண்ட் பி 500, 500 பெரிய கம்பெனிங்க சேந்த இண்டெக்ஸ், 2007 அக்டோபர்லேந்து 2009 மார்ச் வரைக்கும் 17 மாசத்துல 57 சதவீதம் எறங்குச்சு, பழைய எடத்துக்கு வர 2013 ஆச்சு. 2020ல பிப்ரவரி 19லேந்து மார்ச் 23க்குள்ள 34 சதவீதம் எறங்குச்சு, ஆனா அது ஆகஸ்ட்லயே திரும்பிடுச்சு. 1987 அக்டோபர் 19 அன்னைக்கு டௌ ஜோன்ஸ்ங்கிற இன்னொரு அமெரிக்க இண்டெக்ஸ் ஒரே நாள்ல 22.6 சதவீதம் விழுந்துச்சு. எது சீக்கிரம் திரும்பும் எது வருஷக்கணக்குல இழுக்கும்னு விழுற அன்னைக்கு யாருக்கும் தெரியாது. ஜப்பான்ல நிக்கேய் இண்டெக்ஸ் 1989 டிசம்பர்ல 38,915ல முடிஞ்சுச்சு, அந்த உச்சத்த தாண்டுனது 2024 பிப்ரவரி 22 அன்னைக்கு, 34 வருஷம் கழிச்சு. நடுவுல டிவிடெண்ட் வந்திருக்கும், மாசா மாசம் போட்டவங்களுக்கு கணக்கு வேறயா இருந்திருக்கும், ஆனாலும் உச்சத்துல மொத்தமா போட்டுட்டு அஞ்சு வருஷத்துல பணம் வேணும்னு இருந்தவங்கள நெனச்சுப் பாருங்க. காலேஜ் உங்களுக்காக காத்திருக்காது இல்லையா.

அதனால என் ஆலோசனை இது. அந்த 400 ஷேர வித்துடுங்க, 31 கெடச்சா 12,400. இத விக்கச் சொல்றது அது இன்னும் எறங்கும்னு எனக்குத் தெரியும்ங்கிறதால இல்ல, அது ஏறலாம், வித்த மறுநாளே கூட ஏறலாம், அப்படி ஏறுனா மனசு வலிக்கும், இப்பவே சொல்லிடுறேன். ஆனா 14 மாசத்துக்குள்ள ஏறியே ஆகணும்னு அந்த ஷேருக்கு எந்தக் கட்டாயமும் இல்ல, ஃபீஸ் கட்ட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இருக்கு. போனஸ் 40 வந்ததும் அதையும் வித்தா 8,000 பக்கத்துல. கையில ஏற்கனவே ஒரு 8,000. மொத்தம் 28,400. ஃபீஸுக்கு 6,000 கொறையுது, 14 மாசத்துக்கு பிரிச்சா மாசம் 430 கூட வராது. சம்பளத்துலேந்து அத எடுத்து வெச்சா தங்கச்சிக்கு எந்தக் கொறையும் வராது. விட்டத மார்க்கெட்லயே புடிக்கணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல தம்பி, சம்பளத்துலேந்தும் புடிக்கலாம். எல்லாத்தையும் பேங்க்ல டெபாசிட்டா போட்டு வைங்க, வட்டி கம்மியா இருக்கட்டும், அந்தப் பணத்தோட வேலை பெருகுறது இல்ல, அன்னைக்கு தேதிக்கு அங்க இருக்குறது.

விக்குறப்ப ஒண்ணு கவனிங்க, சின்னக் கம்பெனி ஷேர்ல மார்க்கெட் ஆர்டர், அதாவது என்ன விலை கெடச்சாலும் வித்துடுங்கிற ஆர்டர், போடாதீங்க. வாங்குறவங்க கம்மியா இருந்தா 31ல நாலு ஷேர், 29ல கொஞ்சம், 27ல மிச்சம்னு போயிடும். லிமிட் ஆர்டர் போட்டு இந்த விலைக்குக் கீழ வேண்டாம்னு சொல்லிடுங்க, ஒரே நாள்ல விக்கலன்னா நாலஞ்சு நாள்ல கொஞ்சம் கொஞ்சமா விக்கட்டும்.

ஆப்ஷன்ஸ் பத்தி ரொம்ப நீட்டல, வேண்டாம். ஆப்ஷன்னா ஒரு ஷேர பேசுன விலைக்கு வாங்கவோ விக்கவோ காசு குடுத்து வாங்குற உரிமை. ஷேர்னா காத்திருக்கலாம், ஆப்ஷனுக்கு முடியிற தேதி ஒண்ணு இருக்கு, உங்க கணிப்பு சரியா இருந்தும் ஒரு வாரம் லேட்டா நடந்தா போட்ட பணம் முழுசா போயிடும். இந்தியாவுல மார்க்கெட்ட கண்காணிக்கிற செபி 2023 ஜனவரில வெளியிட்ட ஆய்வுல பங்கு சார்ந்த ஃப்யூச்சர்ஸ் (பின்னாடி ஒரு தேதிக்கு இப்பவே விலை பேசிக்கிற ஒப்பந்தம்), ஆப்ஷன்ஸ்ல எறங்குன தனி ஆளுங்கள்ல 10ல 9 பேர் நஷ்டம்னு வந்துச்சு. பிரேசில்ல இண்டெக்ஸ் ஃப்யூச்சர்ஸ்ல 300 நாளுக்கு மேல விடாம டே ட்ரேடிங், அதாவது அன்னைக்கே வாங்கி அன்னைக்கே விக்குறது, பண்ணவங்கள ஆராய்ச்சியாளருங்க பாத்தப்ப 97 சதவீதம் பேர் பணத்த விட்டிருந்தாங்க. கடன் வாங்கி மார்ஜின்ல வாங்குறதும் இதே மாதிரிதான், கைல இருக்குறத மாதிரி அஞ்சு மடங்குக்கு வாங்குனா 20 சதவீதம் எறங்குனாலே உங்க பணம் முழுக்க காலி, அப்புறம் அது ஏறுனா என்ன ஏறாட்டி என்ன, ப்ரோக்கர் அதுக்குள்ள வித்திருப்பாரு. விட்டத ஒரே மாசத்துல எடுக்கணும்ங்கிற அவசரத்துல இருக்குறவங்க இதுல எறங்கவே கூடாது, அந்த அவசரமே தப்பான முடிவெடுக்க வெச்சிடும்.

இதெல்லாம் கேட்டு மார்க்கெட்டே வேண்டாம்னு போயிடாதீங்க, அது எனக்கு உண்மையாவே வருத்தமா இருக்கும். 26 வயசுல உங்ககிட்ட இருக்குற பெரிய சொத்து காலம்தான். விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறுனா 12 வருஷத்துல எல்லாம் ரெண்டு மடங்கு விலையாயிடும், பேங்க்லயே வெச்சிருக்குற பணம் நம்பர்ல கொறையாது, வாங்குற சக்தில கொறையும். அதனால பத்து பதினஞ்சு வருஷத்துக்குத் தொட வேண்டியதில்லாத பணத்துக்கு ஷேர் மார்க்கெட் நல்ல எடம். அதுக்கு முன்னாடி கிரெடிட் கார்டு கடன் மாதிரி பெரிய வட்டிக் கடன் ஏதும் இருந்தா அத அடைங்க, அந்த வட்டிய விட அதிகமா குடுக்கும்னு எந்த ஷேரையும் உறுதியா சொல்ல முடியாது, அப்புறம் ஒரு ஆறு மாச செலவுக்கு உண்டான பணம் தனியா இருக்கட்டும், வேலை போனாலோ ஆஸ்பத்திரி செலவு வந்தாலோ எறங்குன நேரத்துல ஷேர விக்க வேண்டிய நெலம வராம இருக்கத்தான் அது.

அப்புறம் எதுல போடுறதுனு கேட்டா, ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் சொல்றது இண்டெக்ஸ் ஃபண்டு, அதாவது ஒரு இண்டெக்ஸ்ல இருக்குற எல்லா கம்பெனியையும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி வெக்கிற ஃபண்டு. காரணம் சொல்றேன். ஹெண்ட்ரிக் பெஸம்பைண்டர்னு ஒரு பேராசிரியர் 1926லேந்து 2016 வரைக்கும் அமெரிக்க மார்க்கெட்ல இருந்த 25,000க்கும் மேல கம்பெனிங்கள கணக்கெடுத்தாரு. அதுல பாதிக்கும் மேல, அரசாங்கத்தோட ஒரு மாச பத்திரம் குடுத்த வட்டி அளவுக்குக் கூட சம்பாதிச்சுக் குடுக்கல. மார்க்கெட் மொத்தமா சேத்த செல்வம் முழுக்க 4 சதவீத கம்பெனிலேந்து வந்தது. அந்த 4 சதவீதம் எதுன்னு முன்கூட்டியே கண்டுபுடிக்கிறது அதையே தொழிலா செய்றவங்களுக்கே கஷ்டம். முழு மார்க்கெட்டையும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி வெச்சுட்டா அந்த 4 சதவீதம் கண்டிப்பா உள்ள இருக்கும். ஜான் போகிள் 1976ல சாதாரண மக்களுக்குனு மொத இண்டெக்ஸ் ஃபண்ட கொண்டு வந்தப்ப 15 கோடி டாலர் சேரும்னு எதிர்பாத்தாங்க, வந்தது 1 கோடியே 13 லட்சம்தான், சராசரிய வாங்கி என்ன பண்றதுனு கேலி பண்ணாங்க. ஒரே கம்பெனில எல்லாத்தையும் போடுறதுக்கு எதிர்ப்பக்கத்துல என்ரான் இருக்கு, 2000ல 90 டாலர் இருந்த ஷேர் 2001 டிசம்பர்ல கம்பெனி திவாலானப்ப ஒரு டாலருக்கும் கீழ, அங்க வேலை பாத்தவங்கள்ல நெறைய பேர் ஓய்வுகால பணத்த அதே கம்பெனி ஷேர்லதான் வெச்சிருந்தாங்க, வேலையும் சேமிப்பும் ஒண்ணாப் போச்சு.

ஃபண்டு எடுக்குறப்ப வருஷக் கட்டணம் என்னன்னு மட்டும் கண்டிப்பா பாருங்க. 100 போட்டு 30 வருஷம் 10 சதவீதத்துல வளந்தா 1,745 ஆகும். கட்டணம் வருஷம் 2 சதவீதம் எடுத்துக்கிட்டு 8 சதவீதம்தான் உங்களுக்கு வருதுன்னா 1,006. அந்த சின்ன 2 சதவீதம் கடைசில நாப்பது சதவீதத்துக்கும் மேல சாப்பிட்டுடுது. 10 சதவீதம்ங்கிறது கணக்குக்கு சொன்னது, மார்க்கெட் அப்படி குடுக்கும்னு யாரும் உறுதி குடுக்க முடியாது, யாராவது உறுதி குடுத்தா அவங்ககிட்ட பணம் குடுக்காதீங்க.

ஃபீஸ் பணத்தையும் அந்த மாச 430ஐயும் தனியா வெச்சது போக, உங்களால மாசம் எவ்வளவு முடியுமோ அத சம்பளம் வந்த மறுநாளே போற மாதிரி போட்டு விட்டுடுங்க, விலை ஏறுனா கம்மி யூனிட் (ஃபண்டோட ஒரு துண்டு) வரும், எறங்குனா அதிகம் வரும். இங்க எறங்குறப்ப வாங்குறது நல்லதுதான், இதுவும் ஆவரேஜ் பண்றதுதானேனு கேப்பீங்க, வித்தியாசம் என்னன்னா ஒரு கம்பெனி முழுகிப் போயிடலாம், நூத்துக்கணக்கான கம்பெனி சேந்த இண்டெக்ஸ்ல விழுற கம்பெனி வெளிய போயி வேற ஒண்ணு உள்ள வந்துடும். அப்புறம் தினமும் ஆப்ப திறந்து பாக்குற பழக்கத்த விடுங்க. பார்பர், ஓடீன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 1991லேந்து 1996 வரைக்கும் 66,465 குடும்பங்களோட ப்ரோக்கர் கணக்க பாத்தாங்க, ரொம்ப அடிக்கடி வாங்கி வித்தவங்களுக்கு வருஷம் 11.4 சதவீதம் கெடச்சுது, அதே காலத்துல மார்க்கெட் குடுத்தது 17.9. அன்னைக்கு காலைல நீங்க ஆப்ப திறக்காம இருந்திருந்தா நீங்க வித்த அந்தப் பழைய 40 ஷேரும் இன்னும் உங்ககிட்டதான் இருந்திருக்கும், இல்லையா.

தனிக் கம்பெனி ஷேர் வாங்கிப் பழகணும்னு ஆசை இருந்தா தப்பில்ல, ஆசைய அடக்கச் சொல்லல, மொத்தத்துல பத்துல ஒரு பங்க மட்டும் அதுக்கு ஒதுக்குங்க, வாங்குறதுக்கு முன்னாடி இத ஏன் வாங்குறேன், எது நடந்தா வித்துடுவேன்னு ஒரு நோட்டுல ரெண்டு வரி எழுதுங்க. அந்த ரெண்டு வரி எழுத வரலைன்னா அன்னைக்கு வாங்காதீங்க.

கடைசியா அந்த போனஸ் 40 ஷேர் விஷயம். கம்பெனி அறிவிப்புல ரெக்கார்ட் டேட் (யார்கிட்ட ஷேர் இருக்குனு கம்பெனி கணக்கெடுக்கிற நாள்), எக்ஸ் டேட் (அன்னைலேந்து வாங்குறவங்களுக்கு போனஸ் கெடைக்காது)னு ரெண்டு தேதி இருக்கும், உங்களுக்கு வந்த மெயில்லயே இருக்கலாம். எக்ஸ் டேட்டுக்கு முந்தின நாள் வரைக்கும் ஷேர் உங்ககிட்ட இருந்துச்சுன்னா போனஸ் உங்களுக்குத்தான், எக்ஸ் டேட் அன்னைக்கே நீங்க பழைய ஷேர வித்திருந்தாலும் அந்த உரிமை போகாது. நீங்க சொல்றத வெச்சுப் பாத்தா விலை பாதியான அந்தக் காலைதான் எக்ஸ் டேட், அப்ப நீங்க சரியான பக்கத்துலதான் இருக்கீங்க. பல ஆப்ல போனஸ் ஷேர் வந்தும் உடனே முகப்புல காட்டாது, ஹோல்டிங்ஸ்ல உள்ள போயி பாருங்க, இல்லன்னா ஷேர் வெச்சிருக்குற டெபாசிட்டரியோட ஸ்டேட்மெண்ட்ல பாருங்க, அதுதான் உண்மையான கணக்கு. ரெண்டு வாரம் ஆகியும் வரலைன்னா ப்ரோக்கருக்கு ஃபோன்ல பேசாம மெயில்ல எழுதுங்க, வாங்குன தேதி, எத்தனை ஷேர், எக்ஸ் டேட், வித்த தேதி நாலையும் போட்டு, கம்பெனியோட ஷேர் யார்கிட்ட எவ்வளவு இருக்குனு கணக்கு வெச்சிருக்குற ரெஜிஸ்ட்ராருக்கும் ஒரு காப்பி அனுப்புங்க. பதில் வந்ததும் எனக்கு ஒரு வரி போடுங்க தம்பி, தங்கச்சி எந்த காலேஜ்ல சேந்தாங்கனும் அப்புறம் மறக்காம சொல்லுங்க.